கேட்டுக்கு உள்பக்கம் நின்றவள்

வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம், தாலி கத்தும் என்பதுதான். கையில் ஒரு கறுப்பு மட்டையைக் கொடுத்தார்கள். கரண்டி நீளம் இருக்கும். அதைப் பெண்களின் உடம்பை ஒட்டி மேலிருந்து கீழே கொண்டுபோக வேண்டும். உலோகம் பட்டால் கத்தும். நெஞ்சில் கத்தினால் தாலி. முதுகில் கத்தினால் கொக்கி. தோளில் கத்தினால் ஊக்கு. காலில் கத்தினால் மெட்டி. மற்ற இடத்தில் கத்தினால் திருட்டு. பெண்ணின் உடம்பை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குப் பாடம் எடுத்ததில்லை.

அது கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருந்தது. உள்ளே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தெற்கத்திப் பெண்கள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வந்தவர்கள். ஒயர் முனையில் மாட்டுகிற பித்தளைத் துண்டு ஒன்று நெல்மணி அளவுதான் இருக்கும். அதைக் கைநிறைய எடுத்துப்போய்க் காயலான் கடையில் போட்டாலும் ஒரு டீ குடிக்கலாம், கூட ஒரு வடை தின்னலாம், அவ்வளவுதான். அதற்காகத்தான் ஷிப்டு விடும்போதெல்லாம் அத்தனை பெண்களையும் வரிசையில் நிறுத்தி நான் தடவ வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்துக்குக் காவல் வந்த கதையே ஒரு கூத்து. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஊரை ஒட்டிய நிலங்களைச் சுற்றி முதலில் கம்பி வேலி வந்தது. உள்ளே கட்டடம் எதுவும் கிடையாது, சீமைக் கருவேலம்தான். அதற்கு ஒரு கிழவரைக் கம்போடு உட்கார வைத்தார்கள். முள்ளுச்செடிக்கு யாராவது காவல் வைப்பார்களா என்று நாங்கள் சிரித்தோம். அவருக்கே சிரிப்புத்தான். எங்கள் ஆடுகள் வேலிக்குள் நுழைந்தால், ‘ஏம்மா, உன் ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயேன், யாராச்சும் பார்த்தா என்னைத் திட்டுவாங்க’ என்று கெஞ்சுவார்.

அப்புறம் கட்டடம் எழும்பியது. கம்பி காணாமல் போனது, கேபிள் காணாமல் போனது. எங்கள் ஆட்கள் யாரும் கை வைக்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய திருட்டு வெளியிலிருந்து வந்தது. நிலம் விற்ற காசு வீடுகளுக்குள் வந்ததும் மோட்டார் சைக்கிளில் வந்து சங்கிலி அறுக்கிறவன் வந்தான். சம்பள நாளில் வாடகை அறைகளின் பூட்டை உடைக்கிறவன் வந்தான். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிற பிள்ளைகளின் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். போலீஸ் ஸ்டேஷன் என்ற ஒன்று தூரத்தில் இருந்தது. போய்ச் சொன்னால், ‘ஜாக்கிரதையா இருக்க வேண்டாமா?’ என்று நம்மையே கேட்பார்கள்.

அந்தப் பயத்தில்தான் செக்யூரிட்டி ஏஜென்சிகள் முளைத்தன. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் ஒருவர் ஆரம்பித்தார். கட்சிக்காரர் ஒருவர் ஆரம்பித்தார். அதுவரை செங்கல் சூளை வைத்திருந்தவரும் ஆரம்பித்தார். ஒரகடம் கூட்டுரோட்டில் டீக்கடை போர்டுகளை விட செக்யூரிட்டி போர்டுகள் அதிகமாயின. பெட்ரோல் பங்கில் சீருடை, கல்யாண மண்டபத்தில் சீருடை, கடைசியில் டாஸ்மாக் வாசலிலும் சீருடை. இத்தனை பேர் தொப்பி மாட்டியும் சங்கிலி அறுப்பது நிற்கவில்லை. காவல் முழுக்க மதிலுக்கு உள்ளே இருந்தது, பறிகொடுத்தவர்கள் மதிலுக்கு வெளியே இருந்தார்கள்.

ஏஜென்சிகளிடம் ஒரு எழுதாத சட்டம் இருந்தது. உள்ளூர்க்காரனைக் கேட்டில் போடக்கூடாது. என் வீட்டுக்காரர் வேலை கேட்டுப் போனபோது ஊர்ப்பெயரைச் சொன்னதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ‘நீ நின்னா உன் மச்சான் கம்பியைத் தூக்கினு போவான், நீ சல்யூட் அடிப்பே’ என்று முகத்துக்கு நேரே சொன்னார்களாம். ஊரும் உறவும் இல்லாதவன்தான் நல்ல காவல்காரன் என்பது அவர்கள் கணக்கு. அதனால் திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து, ஷெட்டில் அடைத்து, நீலச் சட்டை மாட்டி கேட்டில் நிறுத்தினார்கள். பெண்களைச் சோதிக்கப் பெண்கள் வேண்டுமே, அவர்களை எங்கிருந்து கூட்டி வருவது? ஷெட்டில் எப்படித் தங்க வைப்பது? வேறு வழியில்லாமல் எங்கள் ஊருக்கே வந்து கேட்டார்கள். என் வீட்டுக்காரருக்குக் கிடைக்காத சீருடை எனக்குக் கிடைத்தது. அவர் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மட்டையைப் பிடித்துப் பழகிய பிறகு எனக்குப் பல வீடுகளின் கதை தெரிந்துபோனது. கூட்டிப் பெருக்கும் பெண்களும் கேன்டீன் பெண்களும் எங்கள் சுற்றுவட்டாரத்துக் கல்யாணமான பெண்கள். அவர்கள் நெஞ்சில் மட்டை நாள்தோறும் கத்தும். ஒருநாள் திடீரென்று கத்தாது. தாலி அடகுக்குப் போயிருக்கும், மஞ்சள் துண்டைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு வந்திருப்பாள். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் அடுத்தவளைக் கூப்பிடுவேன். கத்தினால்தானே கேள்வி கேட்கச் சொன்னார்கள், கத்தாததற்கு நான் ஏன் கேட்க வேண்டும்?

லைனில் நின்று ஒயர் கட்டிய பெண்கள் விஷயம் வேறு. அவர்கள் நெஞ்சில் கத்தவே கூடாது. கம்பெனி கல்யாணமாகாத பெண்களைத்தான் எடுத்தது. கல்யாணமானவள் பிள்ளை பெறுவாள், லீவு கேட்பாள், ராத்திரி ஷிப்டுக்கு மாட்டேன் என்பாள். இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். செயின், வளையல் எதுவும் போட்டு வரக்கூடாது. அதனால் ஒரு மத்தியானம் ஒரு பெண்ணின் நெஞ்சில் மட்டை கத்தியபோது நான் திருட்டு என்றுதான் நினைத்தேன்.

சேரப்பணஞ்சேரி ஹாஸ்டலிலிருந்து வருகிற பெண் அவள். திருநெல்வேலிப் பக்கம். கறுத்து, ஒல்லியாக, எப்போதும் எதையாவது மென்றுகொண்டு, வரிசையில் நிற்கும்போது பின்னால் நிற்பவளிடம் வம்பளக்கிறவள். அன்று அவள் வாய் அசையவில்லை. நான் கையை வைத்துத் தொட்டுப் பார்த்தேன். சுடிதாருக்குள், உள்ளாடையோடு ஊக்கு போட்டுச் சேர்த்துக் குத்திய கயிறு. கயிற்றின் முனையில் பொட்டு அளவு தங்கம். எனக்குத் தாலி தெரியாதா?

அவள் கண் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வரிசை நெளிந்தது. சோதனை அறை வாசலில் ஆபீசர் நின்றிருந்தார். எங்கள் கார்டுகளுக்கெல்லாம் தலைவர், ராணுவத்தில் இருந்து வந்தவர், அவரைப் பெயர் சொல்லாமல் எல்லோரும் ஆபீசர் என்றுதான் சொல்வோம். நான் சத்தமாக, “ஊக்குதான், போ” என்றேன்.

மறுநாள் கேன்டீனில் கடைசி மேசையில் தட்டோடு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் அவளைக் கேட்க வேண்டியிருக்கவில்லை, அவளே சொன்னாள். தாலி கட்டியவன் அவளுக்குப் பக்கத்து ஊர்க்காரன். ஒரகடத்தில் இன்னொரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருக்கிறான். வேறு சாதி. இங்கே வந்த பிறகுதான் பழக்கம். நண்பர்கள் சிலரை வைத்துக்கொண்டு ஒரு மலைக்கோவிலில் கட்டிக்கொண்டார்கள். வாலாஜாபாத்தில் அவன் வீடு பார்த்துக்கொண்டிருந்தான். தை பிறந்ததும் இவள் ஹாஸ்டலையும் வேலையையும் விட்டுவிட்டு அங்கே போய்விட வேண்டும். அதுவரை யாருக்கும் தெரியக்கூடாது.

“எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா கொன்னே போடுவாம்க்கா,” என்றாள். ஏதோ மழை வரும் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

“அப்ப இன்னாத்துக்குடி இத்த மாட்டிகினு வர்றே? ஹாஸ்டல் பொட்டியில கழட்டி வச்சிட்டு வாயேன்.”

“கழட்டுனா நாம் பயந்துட்டேன்னு ஆயிரும்லாக்கா.”

எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த வீறாப்புக்கு ஒன்றும் குறைச்சலில்லை என்று திட்டினேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் தாலியைப் பற்றி நான் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை. குளிக்கும்போது சோப்பு ஒட்டுகிறதே என்றுதான் நினைத்திருக்கிறேன்.

அதிலிருந்து அவள் வரிசை எப்போதும் என் வரிசைதான். அவள் ஷிப்டு மாறினால் நானும் இன்னொரு லேடி கார்டிடம் கெஞ்சி மாற்றிக்கொள்வேன். அந்தப் பெண் வாலாஜாபாத்துக்காரி. ஒன்றும் கேட்காமல் மாற்றிக்கொடுப்பாள். நாள்தோறும் மட்டை கத்தும், நான் “ஊக்குதான்” என்பேன், அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போவாள். ‘அவரு கட்டுனது தெனமும் கத்துதுக்கா, அவரு எங்கிட்ட ஒரு தடவகூடக் கத்துனது இல்ல’ என்று ஒருநாள் காதில் சொல்லிவிட்டுப் போனாள்.

கேட்டில் நின்ற ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான். நாற்பது வயது இருக்கும். மனைவி பிள்ளைகள் ஊரில். நல்ல மனிதர், அதை நான் இப்போதும் மறுக்கவில்லை. எங்கள் பேச்சு அவருக்குப் பாதி புரியாது. நாங்கள் ‘கீது’ என்றால் முகத்தைச் சுளிப்பார். அதே ஆள், லைன் பெண்கள் ‘வாரேன்’, ‘போறேன்’ என்று தங்கள் பேச்சில் பேசிக்கொண்டு வந்தால் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டு, அங்கே தனக்குத் தெரிந்த கடையையோ குளத்தையோ சொல்லி மகிழ்ந்துபோவார். எல்லோரும் அவருக்குத் தங்கச்சிதான்.

தெற்கத்திப் பெண்களைப் பார்க்க ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள். பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்து, காலையில் பழைய பிஸ்கட் டப்பாவில் முறுக்கும் அதிரசமுமாகக் கேட்டில் நிற்பார்கள். உள்ளே விடக்கூடாது, பொருளையும் வாங்கக்கூடாது என்பது விதி. மற்ற கேட்காரர்கள் துரத்துவார்கள். இவர் மட்டும் டப்பாவை வாங்கித் தன் மேசைக்கு அடியில் வைத்து, ஷிப்டு விடும்போது உரிய பெண்ணிடம் கொடுப்பார். அவர்கள் கொடுக்கிற முறுக்கு இரண்டைக் கையில் வாங்கிக்கொண்டால் அவருக்கு அன்றைக்குத் தீபாவளி. உறவில்லாத ஆளைத் தேடித்தேடிக் காவலுக்கு வைத்தவர்களுக்கு, ஊர்ப்பேச்சு ஒன்றே ஒருவனுக்கு உறவாகிவிடும் என்பது தெரியவில்லை.

மார்கழியில் ஒருநாள் காலையில் இரண்டு பேர் அப்படி டப்பாவோடு வந்தார்கள். ஒருவன் இளைஞன், ஒருவர் வயதானவர். அண்ணன், தாய்மாமன் என்று சொல்லியிருக்கிறார்கள். தீபாவளிக்கும் பிள்ளை வரவில்லை, ஆத்தா பார்க்காமல் ஏங்கிப்போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்காரர் தன் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் நடுவில் எத்தனை கல் என்று கணக்குப் பார்த்திருக்கிறார். டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். எந்த ஷிப்டு, எப்போது விடும், சேரப்பணஞ்சேரி பஸ் சாலையில் எங்கே நிற்கும், எல்லாவற்றையும் கைநீட்டிக் காட்டியிருக்கிறார்.

“சொல்லிராதீய அண்ணாச்சி. திடீர்னு போய் நின்னா புள்ள சந்தோசப்படும்,” என்று அண்ணன்காரன் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டு இவருக்கு மனசு நிறைந்துபோயிருக்கிறது. இதையெல்லாம் அவரே பின்னால் எங்களிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

மத்தியானம் ஷிப்டு விட்டது. நல்ல வெயில். அவள் என் முன்னால் வந்து கையை அகட்டி நின்றாள். மட்டை கத்தியது. “ஊக்குதான், போ” என்றேன். “இன்னும் கொஞ்ச நாளுதாம்க்கா ஒங்க தொல்லை,” என்று சொல்லிவிட்டுப் போனாள். வாலாஜாபாத்தில் வீடு கிடைத்துவிட்டது என்று அதற்கு முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள்.

இங்கே கேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது தண்டவாளத்தில் உருளுகிற கம்பிக் கேட். ஷிப்டு விடும்போது முழுக்கத் திறந்திருக்கும். வெளியே கலாட்டா என்றால் ஆபீசர் நீளமாக ஒரு விசில் அடிப்பார். உடனே கேட்காரர் கேட்டைத் தள்ளி மூட வேண்டும், மற்ற கார்டுகள் தடியோடு உள்பக்கம் வரிசையாக நிற்க வேண்டும். பக்கத்துக் கம்பெனியில் ஏதோ தகராறில் ஆட்கள் கல்லெறிந்த பிறகு வந்த ஏற்பாடு இது. மாதாமாதம் ஒத்திகை நடக்கும். மூடுவது கொஞ்சம் தாமதமானாலும் ஆபீசர் காது கூசுகிற மாதிரி திட்டுவார்.

நான் அடுத்த பெண்ணைத் தடவிக்கொண்டிருந்தபோது வெளியே அலறல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார். ஒருவன் அவள் தலைமுடியைப் பிடித்திருந்தான். அவள் அவன் கையைக் கடித்து, உதறிக்கொண்டு, கேட்டை நோக்கி ஓடி வந்தாள். அவளுக்குச் சாலையின் இரண்டு பக்கமும் திறந்துதான் கிடந்தது. பஸ் திறந்திருந்தது. டீக்கடையில் அத்தனை கூட்டம் இருந்தது. அவள் எங்களை நோக்கித்தான் ஓடி வந்தாள்.

ஆபீசரின் விசில் நீளமாகக் கேட்டது. கேட்காரர் கேட்டைத் தள்ளினார். ஒத்திகையில்கூட அவ்வளவு வேகமாக மூடியதில்லை. சக்கரம் தண்டவாளத்தில் கடகடவென்று உருண்டு வந்து அவள் முகத்துக்கு நேரே மோதி நின்றது. தாழ்ப்பாள் விழுந்தது.

“அண்ணே, தொறங்கண்ணே! அண்ணே!” என்று அவள் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். நாள்தோறும் அவர் ஊர்க்கதை கேட்டுக்கொண்டு நின்ற பெண். அவர் கை தாழ்ப்பாள் மேலேயே இருந்தது. ஆபீசர் முகத்தைப் பார்த்தார்.

நான் ஓடிப்போய்க் கம்பி வழியாக அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். “தொறய்யா! கதவத் தொறய்யா, பாவி!” என்று கத்தினேன். ஆபீசர், “எல்லாரும் பொசிஷன்ல நில்லுங்க! வெளிய நடக்கிறது நம்ம மேட்டர் இல்ல!” என்று கத்தினார். தடியோடு அத்தனை ஆண்கள் எனக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். ஒருத்தன்கூட அசையவில்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி நிற்கத்தான்.

அண்ணன்காரன் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தான். அவள் கை என் கையில் வேர்த்து வழுக்கியது. இழுத்த இழுப்பில் துப்பட்டாவும் சட்டையும் கிழிந்து கயிறு வெளியே வந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு அதை அறுத்துக் கம்பி வழியாக உள்ளே எறிந்தான்.

“இந்தக் கருமத்த நீங்களே வச்சுக்கிடுங்க!”

அவள் கை என் கையிலிருந்து போய்விட்டது. கார் ஒரகடம் பக்கமாகப் போனது. டீக்கடைக்காரர் பாலை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஆபீசர் இன்னொரு விசில் அடித்தார், கேட் திறந்தது. மீதிப் பெண்கள் அழுதுகொண்டே வரிசைக்கு வந்தார்கள். நான் அவர்களையும் தடவி அனுப்ப வேண்டியிருந்தது. மட்டை கத்தியது, நான் எதையும் தொட்டுப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஆபீசர் எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். கம்பெனி சொத்துக்கு ஒரு சேதமும் இல்லை, ஏற்பாடு சரியாக வேலை செய்தது, மேலே சந்தோஷப்பட்டார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “யார் கேட்டாலும் ஒரே பதில். கேட் மூடித்தான் இருந்துச்சு. பிரச்சனை நடந்தது வெளியே. புரிஞ்சுதா?” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போனார்.

தாலியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசை டிராயரில் வைத்தார். வளாகத்துக்குள் கிடைத்த பொருள் எதுவானாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே போகக்கூடாதாம். மறுநாள் காலையில் அவள் புருஷன் வந்தான். அவளை விடச் சின்னவன் மாதிரி இருந்தான், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். கேட்டுக்கு வெளியேயே நிறுத்தி வைத்தார்கள். ஆபீசர் அவனிடம், அவள் உன் மனைவி என்பதற்கு என்ன அத்தாட்சி, எங்கள் ரெக்கார்டில் கல்யாணமாகாதவள் அல்லவா என்றார். ஸ்டேஷனுக்குப் போ என்றார். ஸ்டேஷனில், வீட்டுக்காரங்க பெண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போனதற்கு என்ன கேஸ் போடுவது என்று கேட்டார்களாம். அங்கேயும் கேட் மூடியிருந்த கதை அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

அவன் நண்பர்களோடு ஊருக்குப் போனான். அவன் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. வயிற்று வலி தாங்காமல் பூச்சி மருந்தைக் குடித்துவிட்டாள் என்று ஊரே ஒரே வாக்கியத்தைச் சொன்னதாம். எரித்தாகிவிட்டது. அவனைத் தெருவுக்குள்ளேயே விடவில்லை.

செய்தி வந்த அன்று கேட்காரர் சோறு சாப்பிடவில்லை. என்னிடம் வந்து, “எங்க ஊருப் பேச்சக் கேட்டதும் மயங்கிட்டேம்மா. முறுக்கக் கொடுத்தாம்மா அவன்,” என்று அழுதார். அவர் அழுகை பொய்யில்லை. ஊர்ப்பேச்சில் ஏமாந்ததை நான் மன்னித்திருப்பேன். தாழ்ப்பாளின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றதை மன்னிக்கவில்லை, இன்றுவரை மன்னிக்கவில்லை. “ஏமாந்தது சரி. கதவ இன்னாத்துக்குயா சாத்துனே?” என்று கேட்டேன். தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். அந்த மாதச் சம்பளம் வாங்கியதும் ஊருக்குப் போய்விட்டார், திரும்பவில்லை.

அதற்குப் பிறகு கம்பெனியில் பாதுகாப்பைப் பலப்படுத்தினார்கள். கேட்டை உயர்த்திக் கட்டினார்கள். கம்பிக்கு நடுவே கை நுழையாதபடி தகரம் அடித்தார்கள். கேமரா வந்தது. கார்டுகள் இன்னும் கூடினார்கள், எங்கள் ஏஜென்சிக்குப் பக்கத்துக் கம்பெனியும் கிடைத்தது. ஒரு பெண்ணைப் பறிகொடுத்து நாங்கள் வளர்ந்தோம். நானும் வேலையை விடவில்லை. கோபத்தைப் பொங்கிப் பிள்ளைகளுக்குப் போட முடியாது.

தாலியை மட்டும் அந்த டிராயரில் விட எனக்கு மனசு வரவில்லை. ஆபீசரிடம் நேராகவே கேட்டேன். தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்றார். எழுதவில்லை. பொங்கல் போனது. தை பிறந்ததும் போவதாக இருந்தாளே என்று எனக்கு அன்றைக்கெல்லாம் அடுப்பு முன்னால் அழுகை அழுகையாக வந்தது. லீவு முடிந்து போன முதல் நாள், ஆபீசர் டீக்குப் போன நேரத்தில் டிராயரை இழுத்தேன். பூட்டியிருக்கவில்லை. அறுந்த கயிற்றை என் தாலிக் கயிற்றோடு சேர்த்து முடிந்து ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டேன். வாழ்நாளில் நான் செய்த ஒரே திருட்டு அதுதான், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

ஷிப்டு முடிந்தால் எங்களையும் சோதிப்பார்கள். வாலாஜாபாத்துக்காரி மட்டையோடு நின்றாள். என் நெஞ்சில் கத்தியது. வழக்கமாக அதோடு விட்டுவிடுவாள். அன்று ஆபீசர் வாசலில் நின்றதால் கையை வைத்துத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுக்கு இரண்டாக விரலில் தட்டுப்பட்டிருக்கும். என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் கோத்தது.

“தாலிதான்,” என்றாள் சத்தமாக. “போக்கா.”

மறுநாள் காலையில் அவள் புருஷனைச் சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தேன். வேலையை விட்டுவிட்டு எங்கேயோ கோயம்புத்தூர்ப் பக்கம் போகப்போவதாகச் சொன்னான். பையோடு வந்திருந்தான். பிளாட்பாரத்தின் ஓரத்தில், ஷேர் ஆட்டோக்காரர்களின் கூச்சல் கேட்காத இடத்தில் நின்றோம். நான் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்ததைக் கொடுத்தேன். பிரித்துப் பார்க்கவில்லை. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

“ஒண்ணு கேக்கணும்க்கா,” என்றான். “கேட்டு மூடியேதான் இருந்துச்சுன்னு எல்லாரும் சொல்லுதாவ. அவ வரும்போதே மூடியிருந்துச்சா? இல்ல, அவ வந்தப்புறம் மூடுனாவளா?”

ஆபீசர் சொல்லிக்கொடுத்த பதில் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருக்குமோ என்றும் ஒரு நினைப்பு வந்தது. ஆனால் அவளுக்கு என்று மிச்சம் இருந்தது அந்த உண்மை ஒன்றுதான்.

“தொறந்துதான்பா இருந்துச்சு. அவ ஓடியாறதப் பாத்துட்டுத்தான் மூடுனாங்க.”

அவன் தலையை ஆட்டினான். தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாந்தாங்க்கா சொல்லி வச்சிருந்தேன்,” என்றான். “யாராச்சும் வந்தா ரோட்டுப் பக்கம் ஓடாத, பஸ்ஸுக்குள்ள ஏறாத, நேரா கேட்டப் பாத்து ஓடிரு, அங்க செக்யூரிட்டி இருக்காவன்னு.”

செங்கல்பட்டு வண்டி வந்தது. பையை எடுத்துக்கொண்டு ஏறினான். எனக்கு அன்று மத்தியான ஷிப்டு என்பதால், அங்கிருந்தே ஷேர் ஆட்டோ பிடித்து வேலைக்குப் போனேன்.